கதையை அவசரமாகக் கேட்காதீர்கள்: சிக்கலான மனவடுவை இனங்காணப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மனநலப் பணிக்கு வந்த முதல் ஆண்டில் நான் செய்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறேன். நாற்பதை நெருங்கும் ஒரு பெண். தீராத தலைவலிக்காக எல்லாப் பரிசோதனைகளும் செய்து, ஒன்றும் அகப்படாமல், கடைசியில் எங்களிடம் அனுப்பப்பட்டிருந்தார். அறையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. கதவை ஒட்டியிருந்ததின் விளிம்பில் உட்கார்ந்தார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பத்தாவது நிமிடத்தில் நான் கேட்டுவிட்டேன்: "சிறு வயதில் ஏதாவது நடந்ததா?" சொன்னார். ஐம்பது நிமிடம், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைப் படித்துக் காட்டுவதுபோல ஒரே தொனியில் சொல்லி முடித்தார். முதல் நாளே மனம் திறந்துவிட்டார் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. கேஸ் ஷீட்டில் நான்கு பக்கம் எழுதினேன். அதன்பின் அவர் வரவேயில்லை.

என் மேற்பார்வையாளர் நான்கு பக்கங்களையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அவர் எப்படித் தூங்குகிறார் என்று இதில் எங்கே இருக்கிறது?" எங்கேயும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் நடந்தது முழுவதும் இருந்தது. நேற்று இரவு எப்படிப் போனது என்று ஒரு வரிகூட இல்லை. நோயறிதலுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

ஆலோசகர், சமூகப் பணியாளர், செவிலியர், இளம் மருத்துவர் என்று இந்தத் துறையில் புதிதாகக் கால் வைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தன் நிலையைப் புரிந்துகொள்வதற்காக வாசிப்பவர்களும் இருப்பீர்கள். தாராளமாக வாசியுங்கள், முடிவை மட்டும் பயிற்சி பெற்ற ஒருவரோடு சேர்ந்து எடுங்கள்.

முதலில், பெயர்

ஆங்கிலத்தில் டிராமா (trauma) என்பதைத் தமிழில் சிலர் உளக்காயம் என்கிறார்கள், சிலர் மன அதிர்ச்சி என்கிறார்கள். நான் மனவடு என்றே எழுதிப் பழகிவிட்டேன். வடு என்றால் ஆறிய புண்ணின் தழும்பு, இங்கே புண்தான் ஆறவில்லையே என்று நீங்கள் வாதாடலாம், நியாயம்தான். ஆனால் 'அதிர்ச்சி' என்ற சொல் ஒரே நாளில் நடந்து முடிந்த ஒன்றைத்தான் கண்முன் கொண்டுவருகிறது. நாம் பேசப்போவது பெரும்பாலும் வருடக்கணக்கில் நடந்தவற்றைப் பற்றி.

பிடிஎஸ்டி, அதாவது மனவடுவுக்குப் பின் நீடிக்கும் மன அழுத்தக் கோளாறு, என்ற நோய்ப்பெயர் 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் என்ற நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. போர்க்களம், விபத்து, தாக்குதல் போன்றவற்றை ஒட்டி உருவான அந்த வரையறைக்குள், தப்பிக்க வழியில்லாமல் நீண்ட காலம் கொடுமைக்கு ஆளானவர்கள் முழுமையாக அடங்கவில்லை. 1992-ல் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் இவர்களுக்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும் என்று முன்மொழிந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஐசிடி-10 நோய் வகைப்பாட்டில் 'பேரழிவு அனுபவத்துக்குப் பின் நிலைத்துவிட்ட ஆளுமை மாற்றம்' என்ற ஒரு பிரிவு இருந்தது. அதையும் அதிகம் பேர் பயன்படுத்தியதாக நான் கண்டதில்லை. 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-ல்தான் சிக்கலான பிடிஎஸ்டி, அதாவது சிபிடிஎஸ்டி, 6பி41 என்ற தனிக் குறியீட்டோடு வந்தது. சாதாரண பிடிஎஸ்டிக்கு 6பி40.

டிஎஸ்எம் கையேட்டில் இன்றுவரை சிபிடிஎஸ்டி தனி நோயாக இல்லை. ஆகவே ஒரே மனிதருக்கு ஒரு மருத்துவமனையில் ஒரு பெயரும் இன்னொன்றில் வேறு பெயரும் கிடைக்கலாம். இரண்டு மருத்துவர்களும் தவறு செய்யாமலேயே இது நடக்கும். நீங்கள் எந்த வகைப்பாட்டின்படி எழுதுகிறீர்கள் என்பதைக் குறிப்பில் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் ஐசிடி-11-ஐயே பின்பற்றுகிறது.

படி 1: வேறு வேடத்தில் வருவதைக் கவனியுங்கள்

"எனக்கு மனவடு இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தலைவலி, வயிற்று எரிச்சல், தூக்கமின்மை, குடி, 'எதற்கெடுத்தாலும் கோபம்', 'வேலையில் ஒட்டவே மாட்டேன் என்கிறான்' என்று வேறு ஏதோ ஒன்றுக்காகத்தான் வருவார்கள் அல்லது அழைத்து வரப்படுவார்கள். கோப்பைப் புரட்டினால் ஐந்தாறு நோய்ப்பெயர்கள், ஏழெட்டு மருந்துகள், பாதியில் நின்றுபோன இரண்டு மூன்று சிகிச்சைகள் இருக்கும். அந்தக் கோப்பின் மேல் ஏற்கெனவே யாராவது 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதியிருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். ஒத்துழைக்காதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பலர், அதிகாரத்தில் இருப்பவரை நம்பிக் கெட்டுப்போன அனுபவம் உள்ளவர்கள்.

உடலின் சிறு அசைவுகளையும் பாருங்கள். எந்த நாற்காலியைத் தேர்ந்தெடுக்கிறார், கதவுக்கு முதுகு காட்டுகிறாரா, வெளியே காலடிச் சத்தம் கேட்டதும் பேச்சு அறுந்துபோகிறதா, நீங்கள் பேனாவைத் தவறவிட்டால் உடல் எப்படித் துள்ளுகிறது. இவை எதுவும் ஆதாரம் ஆகாது. கேள்வியை எங்கே கேட்கலாம் என்பதற்குக் குறிப்பு, அவ்வளவே.

படி 2: இன்று பாதுகாப்பாக இருக்கிறாரா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வன்முறை இன்னும் நடந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து வருபவர் இரவெல்லாம் விழித்திருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், அதற்குப் பெயர் அறிகுறி இல்லை, முன்னெச்சரிக்கை. அவருக்கு முதலில் வேண்டியது நோய்ப்பெயரைவிடப் பாதுகாப்பான இடம்.

தனியாகப் பேசுங்கள். கணவரோ மனைவியோ பெற்றோரோ 'எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை' என்று சொல்லிக் கூடவே உட்கார வந்தாலும், "எல்லோரிடமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவது எங்கள் வழக்கம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டால் வீட்டு ஆளைப் பயன்படுத்தாதீர்கள். துன்புறுத்துபவரே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு.

தற்கொலை எண்ணத்தை நேராகக் கேளுங்கள். "வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி என்றுகூட யோசித்திருக்கிறீர்களா?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், குடி, போதைப்பொருள் பற்றியும் இந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். ரகசியம் காப்பதற்கு எல்லை எங்கே என்பதை, அதாவது குழந்தைக்கோ அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் நீங்கள் யாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை, அவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பேசி முடித்த பிறகு சொன்னால் அது இன்னொரு துரோகமாகிவிடும்.

படி 3: தலைப்புச் செய்தி மட்டும் போதும்

நிகழ்வைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் விட்டால் பலர் வாழ்நாள் முழுவதும் சொல்லாமலே போய்விடுவார்கள். ஆனால் நோயறிதலுக்கு விவரம் தேவையில்லை. நான் இப்படித்தான் சொல்வேன்:

"சில அனுபவங்கள் பின்னாளில் உடலையும் தூக்கத்தையும் பாதிக்கும். ஒரு பட்டியல் வாசிக்கிறேன். நடந்தது, நடக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். செய்தித்தாளில் தலைப்பு இருக்குமே, அதுமாதிரி. உள்ளே இருக்கும் செய்தி இன்றைக்கு வேண்டாம். சொல்ல விருப்பமில்லை என்பதும் ஒரு பதில்தான்."

நிகழ்வுகளைப் பட்டியலிட்டுக் கேட்க அச்சிட்ட தாள்கள் கிடைக்கின்றன. 17 இனங்கள் கொண்ட எல்இசி-5 பரவலாகப் பயன்படுவது. அடி, பாலியல் கொடுமை, போர், சிறை, சித்திரவதை, விபத்து, பேரிடர் என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, மூன்று துணைக் கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒருமுறையா, பலமுறையா? எந்த வயதிலிருந்து எந்த வயதுவரை? அங்கிருந்து விலகிப் போக வழி இருந்ததா? மூன்றாவதுதான் முக்கியம். குழந்தைப் பருவத்தில் தொடர்ந்த உடல், பாலியல் கொடுமை, நீடித்த குடும்ப வன்முறை, அடிமைத்தனம், சித்திரவதை ஆகியவற்றுக்கெல்லாம் பொதுவானது அந்த விலக முடியாமைதான்.

இங்கே புதியவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். நீண்ட காலக் கொடுமை என்று கேட்டதுமே சிபிடிஎஸ்டி என்று எழுதிவிடுவது ஒன்று. அப்படிப்பட்ட வாழ்க்கைக்குப் பிறகும் எந்த நோயும் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. சாதாரண பிடிஎஸ்டி மட்டும் உள்ளவர்களும் உண்டு. ஒரே ஒரு நிகழ்வுதானே என்று சிபிடிஎஸ்டியைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது இன்னொன்று. ஐசிடி-11-ன்படி நீண்ட, திரும்பத் திரும்ப நடக்கும் நிகழ்வு ஆபத்தைக் கூட்டும் காரணி. கட்டாய நிபந்தனை இல்லை. பெயரைத் தீர்மானிப்பவை இன்றைய அறிகுறிகள்.

குழந்தைப் பருவத் துன்பங்களை எண்ணும் பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வளர்ந்தது அது. பெரிய மக்கள் கூட்டத்தில் ஆபத்து எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்க நல்ல கருவி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு 'உங்களுக்கு ஏழு மதிப்பெண்' என்று சொல்வதற்கு அது பிறக்கவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "உங்களுக்கு நினைவில்லாமல் ஏதோ நடந்திருக்கும்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நினைவு களிமண் மாதிரி. அதிகாரமுள்ள ஒருவரின் விரல் பட்டால் வடிவம் மாறும். அவர் சொன்னதை மட்டும், அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு நடுவில் ஆள் காணாமல் போவதும் நடக்கும். உடல் நாற்காலியில் இருக்கும். கண் ஒரே இடத்தில் நிலைகுத்தும், பதில் தாமதமாக வரும், குரல் சிறுத்துவிடும். இதை விலகல் நிலை என்கிறோம். உடனே கேள்வியை நிறுத்துங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். இன்று என்ன தேதி, இது என்ன இடம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கச் சொல்லுங்கள், அறையில் தெரியும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் தொடாதீர்கள், ஆறுதலுக்காகக்கூட. என் முதல் கதையில் அந்தப் பெண் ஐம்பது நிமிடமும் ஒரே தொனியில் பேசினாரே, அது மனம் திறந்த பேச்சு இல்லை. அவர் அந்த அறையிலேயே இல்லை. எனக்குத்தான் அது தெரியவில்லை.

படி 4: முதல் மூன்று அறிகுறிகள்

சிபிடிஎஸ்டி என்று சொல்ல முதலில் பிடிஎஸ்டியின் மூன்று தொகுதிகளும் இருக்க வேண்டும். குறைந்தது பல வாரங்களாக இருக்க வேண்டும். வாழ்க்கையை முடக்கவும் வேண்டும்.

முதலாவது, நடந்தது இப்போது மறுபடி நடப்பதுபோல் அனுபவித்தல். இதில்தான் அதிகம் தடுமாறுகிறோம், ஏனென்றால் "பழைய ஞாபகம் வருகிறதா?" என்று கேட்கிறோம். பழைய ஞாபகம் யாருக்குத்தான் வராது? நடந்ததை நினைத்து வருந்துவதும் அசைபோடுவதும் இந்தத் தொகுதியில் சேராது. கடந்தது கடந்ததாகத் தெரிகிறதா, அல்லது இந்த நொடியில் நடக்கிறதா என்பதே கோடு.

கோபக்காரர் என்று அனுப்பப்பட்ட ஒருவர் நினைவுக்கு வருகிறார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). சிறுவயதில் தந்தையிடம் பட்ட அடியைப் பற்றி முந்தைய அமர்வில் தலைப்பாகச் சொல்லியிருந்தார். 'ஞாபகம் வருகிறதா' என்ற கேள்விக்கு, "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு" என்று கையை வீசிவிட்டார். எப்போது கோபம் வருகிறது என்று கேட்டேன். பாத்திரம் கீழே விழுந்தால், என்றார். அந்தச் சத்தத்தில் உடம்பில் என்ன நடக்கிறது? "கழுத்து இறுகும். காது அடைத்துக்கொள்ளும். யாரோ பின்னால் நிற்கிறமாதிரி இருக்கும்." கொஞ்சம் விட்டு, "அந்த நொடியில் உங்களுக்கு எத்தனை வயது ஆனதுபோல இருக்கிறது?" என்றேன். நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒன்பது" என்றார். படமாக எதுவும் தெரியாமல், உடலும் பயமும் மட்டும் திரும்பி வருவதும் மறு அனுபவம்தான். நிகழ்வை அவராகச் சொல்லியிருந்தால் மட்டுமே அந்த வயதுக் கேள்வியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நினைவில் விரல் வைத்த குற்றம் உங்களைச் சேரும். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவும் இதே தொகுதியில் அடங்கும். கனவில் நடந்தது அப்படியே வர வேண்டும் என்பதில்லை. துரத்தப்படுவதாகவோ அடைபட்டுக் கிடப்பதாகவோ வரலாம்.

இரண்டாவது, தவிர்த்தல். இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்பது வெளியே தெரியும். நினைப்பைத் தவிர்ப்பது தெரியாது. ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காமல் வேலையில் மூழ்குவது, டிவி ஓடாமல் தூங்க முடியாதது, இவையும் தவிர்த்தலாக இருக்கலாம். "எதை நினைக்காமல் இருப்பதற்காக அதிகம் மெனக்கெடுகிறீர்கள்?" என்ற கேள்வி எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. நன்றாகத் தவிர்க்கத் தெரிந்தவருக்கு முதல் தொகுதி லேசாகவே தெரியும் என்பதையும் ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆபத்து இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது என்ற உணர்வு. எப்போதும் உஷாராக இருத்தல், சிறு சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுதல். ஓட்டலில் எந்த இடத்தில் உட்காருவீர்கள், இரவில் கதவை எத்தனை முறை பார்ப்பீர்கள் என்று கேட்டால் தானாக வரும்.

படி 5: அடுத்த மூன்று

பிடிஎஸ்டியையும் சிபிடிஎஸ்டியையும் பிரிப்பது இந்த மூன்றுதான். இவை தூண்டப்படும்போது மட்டும் எட்டிப் பார்ப்பவை அல்ல; வீட்டிலும் வேலையிலும் நட்பிலும் விடாமல் கூடவே இருப்பவை.

உணர்ச்சியை ஆள முடியாமை. இதற்கு இரண்டு முகம். சின்ன விஷயத்துக்குப் பொங்கி, அடங்க மணிக்கணக்கில் ஆவது ஒரு முகம். எதுவுமே உறைக்காமல் போவது மற்றொன்று. தமிழில் இதற்கு நாம் தேட வேண்டியதே இல்லை, வருபவர்களே சொல்லிவிடுவார்கள்: "மரத்துப் போய்விட்டேன்." அந்தச் சொல் காதில் விழுந்தால் கடந்துபோகாதீர்கள், "எதெல்லாம் மரத்துப் போனது?" என்று கேளுங்கள். பொங்குபவரை எல்லோரும் கவனிப்பார்கள். மரத்துப் போனவர் அமைதியானவர் என்று நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

தன்னைப் பற்றிய தாழ்ந்த நினைப்பு. தான் மதிப்பற்றவர், தோற்றுப்போனவர், கறைபட்டவர் என்ற நிலையான நம்பிக்கை. அதோடு நடந்தவற்றை ஒட்டிய அவமானமும் குற்ற உணர்வும். "என்னால்தான்" என்ற சொல் இங்கே அடிக்கடி வரும். "அது உங்கள் தவறில்லை" என்று பாய்ந்து மறுக்கும் ஆசை வரும். முதல் சந்திப்பில் அடக்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு 'நான் கெட்டவள், அதனால் அடிக்கிறார்கள்' என்பது 'என்னை வளர்ப்பவர்கள் ஆபத்தானவர்கள்' என்பதைவிடத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். அத்தனை வருடம் தாங்கிப் பிடித்த தூணை முதல் நாளே உருவினால் அவர் திரும்பி வரமாட்டார். மனச்சோர்விலும் இதே பேச்சு வரும் என்பதால், சோர்வு இல்லாத நல்ல நாள்களில் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

உறவில் நெருங்க முடியாமை. நண்பர் இல்லாதவர் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நூறு பேருக்கு உதவி செய்பவராக, எல்லோருக்கும் வேண்டியவராகக்கூட இருப்பார். "உங்களுக்கு முடியாமல் போனால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது.

படி 6: வினாத்தாள்

இந்த ஆறு தொகுதிகளுக்காகவே உருவான கருவி சர்வதேச மனவடு வினாத்தாள், சுருக்கமாக ஐடிக்யூ. 2018-ல் இறுதி வடிவம் பெற்றது, கட்டணம் கிடையாது. மொத்தம் 18 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு அறிகுறிக் கேள்விகள். இரண்டில் ஒன்றுக்காவது 2 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தத் தொகுதி இருப்பதாகக் கொள்ளலாம். முதல் மூன்று தொகுதிகளுக்குச் சேர்த்து மூன்று, அடுத்த மூன்றுக்குச் சேர்த்து மூன்று என்று அன்றாட வாழ்க்கைப் பாதிப்பைக் கேட்கும் ஆறு கேள்விகளும் உண்டு. ஒவ்வொரு மூன்றிலும் ஒன்றாவது 2-ஐத் தொட வேண்டும். பிடிஎஸ்டிக் கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. மற்றவை பொதுவாக அவர் எப்படி இருக்கிறார் என்பதைப் பற்றியவை. இந்த வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் குழப்பிவிடுவார்.

ஆறு தொகுதியும் இருந்தால் சிபிடிஎஸ்டி. முதல் மூன்று மட்டும் இருந்தால் பிடிஎஸ்டி. இரண்டு பெயரையும் சேர்த்து ஒருவருக்குத் தருவதில்லை. பின் மூன்று மட்டும் இருந்து முன் மூன்று இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. துன்பம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை, வேறு இடத்தில் தேட வேண்டும். தாளை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். உங்கள் முன்னிலையில், வேண்டுமானால் நீங்களே வாசித்துக் காட்டி நிரப்புங்கள். 3 என்று குறித்த ஒவ்வொரு கேள்விக்கும் "போன வாரத்திலிருந்து ஓர் உதாரணம்?" என்று கேளுங்கள். மதிப்பெண் வடிகட்டி மட்டுமே. பெயர் வைப்பது நேர்காணலுக்குப் பிறகுதான். சிறுவர்களுக்குத் தனி வடிவம் இருக்கிறது. சின்னக் குழந்தைகள் வாயால் சொல்வதைவிட ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடிக் காட்டுவார்கள். அதற்குக் குழந்தைகளோடு பணியாற்றிப் பழகியவரின் கண் வேண்டும், அவரிடம் அனுப்பிவிடுங்கள்.

படி 7: வேறு எதுவாக இருக்கலாம்?

முதலில் உடல். தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, வலிப்பு, மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றை மருத்துவர் பார்த்தாரா என்று உறுதிசெய்யுங்கள். அதைவிட முக்கியமாக, அடிபட்டவர்களிடம் தலையில் அடிபட்டதா, கழுத்தை நெரித்தார்களா, நினைவு தப்பியதா என்று கேளுங்கள். மறதி, எரிச்சல், தலைவலி எல்லாவற்றையும் மனத்தின் கணக்கில் எழுதிவிட்டு மூளைக் காயத்தைத் தவறவிட்ட கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. இந்த இரண்டும் குழம்பும் அளவுக்கு வேறு எதுவும் குழம்புவதில்லை. இரண்டிலும் உணர்ச்சி கட்டுமீறும், உறவு முறியும், குழந்தைப் பருவத்தில் காயம் இருக்கக்கூடும். நான் பார்க்கும் வித்தியாசம் இது: சிபிடிஎஸ்டியில் 'நான் ஒன்றுக்கும் ஆகாதவன்' என்ற நினைப்பு வருடக்கணக்கில் மாறாமல் கிடக்கும், பார்டர்லைனில் தான் யார் என்பதே நாளுக்கு நாள் மாறும். முன்னவர் உறவிலிருந்து ஒதுங்குவார். பின்னவர் கைவிடப்படுவோமோ என்ற பயத்தில் உறவை இறுகப் பிடிப்பார், அடுத்த நாளே உதறுவார். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சிகளும் இரண்டிலும் வரலாம், பின்னதில் நோயின் மையத்துக்கே நெருக்கமானவை. ஒருவருக்கு இரண்டுமே இருக்கலாம். ஆளுமைக் கோளாறு என்று எழுதினால் ஆளையே குறை சொன்னதாகிவிடும் என்று பயந்து எல்லோருக்கும் சிபிடிஎஸ்டி எழுதும் பழக்கம் இப்போது பரவுகிறது. நோக்கம் நல்லதுதான், ஆனால் பொருந்தாத பெயர் பொருந்தாத சிகிச்சையில்தான் கொண்டுபோய் விடும்.

இருதுருவக் கோளாற்றில் உற்சாக நிலை நாள்கணக்கில், பித்து நிலை என்றால் குறைந்தது ஒரு வாரம் நீடிக்கும். தூக்கம் குறைந்தும் களைப்பு தெரியாது. ஒரு சொல்லில் கிளம்பி ஒரு மணி நேரத்தில் அடங்கும் கொந்தளிப்பு அதுவல்ல. குரல் கேட்கிறது என்றதும் மனச்சிதைவு என்று முடிவுகட்டாதீர்கள். யாருடைய குரல், என்ன சொல்கிறது, எப்போது கேட்கிறது என்று கேளுங்கள். கொடுமைப்படுத்தியவரின் குரலே உள்ளே கேட்பதாகச் சொல்பவர்கள் மனவடு உள்ளவர்களில் உண்டு. ஆனால் குரலை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. விலகல் நிலை அடிக்கடியும் ஆழமாகவும் வந்தால், நேரம் தொலைந்துபோனால், தான் செய்ததே நினைவில்லாவிட்டால், அதைத் தனியாக மதிப்பிட மூத்தவரிடம் அனுப்புங்கள்.

படி 8: சொல்வதும் எழுதுவதும்

இரண்டு மூன்று சந்திப்புகளுக்கு முன் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். வைத்த பிறகு அவரிடம் அவருடைய சொல்லிலேயே சொல்லுங்கள். "பாத்திரம் விழும்போது கழுத்து இறுகுகிறது என்றீர்களே, அதுவும், மரத்துப் போனதும், யாரையும் நம்ப முடியாததும் தனித்தனியாக இல்லை, ஒரே வேரிலிருந்து வருபவை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது." இதைக் கேட்டதும் சிலர் பெருமூச்சு விடுவார்கள். சிலருக்குக் கோபம் வரும்: இத்தனை வருடம் யாரும் ஏன் சொல்லவில்லை என்று. அந்தக் கோபத்துக்கு இடம் கொடுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். "குணமாகிவிடுமா?" என்று கேட்டால், பலருக்கு நன்றாகக் குறைகிறது, காலம் ஆகும், வேகத்தை நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள் என்பது உண்மையான பதில். தேதி குறிக்காதீர்கள்.

குறிப்பில் நிகழ்வு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். நான் இப்போது எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'குழந்தைப் பருவத்தில் தொடர்ந்த உடல் வன்முறை (வயது சுமார் 6 முதல் 14), விவரம் கேட்கப்படவில்லை. இப்போது பாதுகாப்பான இடத்தில் வசிக்கிறார். வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் கெட்ட கனவு. உலோகச் சத்தத்தில் மறு அனுபவம், உடல் வழியாக. அப்பாவின் ஊருக்கு 11 ஆண்டுகளாகப் போகவில்லை. ஐடிக்யூ: ஆறு தொகுதியும் உண்டு. தலையில் அடிபட்டதுண்டு, நரம்பியல் மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டது. தற்கொலை எண்ணம் அவ்வப்போது, திட்டம் இல்லை. ஐசிடி-11, 6பி41, தற்காலிகம். மறுமதிப்பீடு 12 வாரத்தில்.'

'தற்காலிகம்' என்ற சொல்லை எடுப்பதற்கு நான் அவசரப்படுவதில்லை. வேலையிடமோ நீதிமன்றமோ காப்பீட்டு நிறுவனமோ அறிக்கை கேட்டால், எழுதியதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். எந்த வரி வேண்டாம் என்கிறாரோ அது அவர்களுக்கு உண்மையிலேயே தேவையா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.